சலசல, தடதட: சிறு பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

வணக்கம். திருவையாறு பக்கம் ஒரு கிராமத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தருகிறேன். இரட்டைக்கிளவியை, அதாவது 'சலசல' போல இரட்டித்தே வரும் சொற்களை, பலகையில் எழுதிக் காட்டினேன். யார் மனத்திலும் ஒட்டவில்லை. சரி என்று வாய்க்கால் கரைக்கே அழைத்துப்போனேன். மதகில் தண்ணீர் 'சலசல', பம்புசெட் 'தடதட', தென்னை மட்டை விழுந்தால் 'தொப்'. அவர்களே அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாற்றுப் பறிக்கிற சத்தத்தை ஒரு சிறுமி 'சரக் சரக்' என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இப்போது ஒரு சிக்கல். 'சலசல'வைப் பிரித்தால் பொருள் இல்லை, 'பாம்பு பாம்பு' என்பதைப் பிரித்தால் உண்டு. இதை இலக்கணப் பெயர் சொல்லாமல் விளையாட்டாகப் புரியவைக்க வழி இருக்கிறதா? 'பளபள' கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பதில்லை. அதைத் தனியாக வைக்கவா? அப்புறம், தவளை, மழை, களத்துமேட்டுக்கு உங்கள் ஊரில் வழங்கும் ஒலிச்சொற்களையும் எழுதுங்கள்.