கிண்டி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கணக்கு எழுதலாமா?

தண்டையார்பேட்டை பி.காம்.

எல்லோருக்கும் வணக்கம். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். டேலி கணக்கு சாஃப்ட்வேர், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் கைப்பழக்கம். பிடித்தம் போகக் கையில் 31,000 வருகிறது. இதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று ரொம்ப நாளாக யோசனை.

அலைச்சல் தாங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 2021இல் மெட்ரோவை விம்கோ நகர் வரை நீட்டிய பிறகு இங்கே ஏறினால் கிண்டியில் இறங்கிவிடலாம், ஏசி வேறு. ஆனால் மாதக் கடைசியில் வீட்டுக்கு வர ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. எட்டாவது படிக்கிற பையன் பள்ளியில் என்ன செய்கிறான் என்பதை டியூஷன் மிஸ் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். அதுதான் உறுத்துகிறது.

எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்கும் மூலக்கடையில் ஒரு ஹார்டுவேர் கடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்கெனவே கணக்கு பார்க்கிறேன். ஆளுக்கு மாதம் 2,000 பேச்சு. காசிமேட்டில் ஒரு மீன் மொத்த வியாபாரியும் கேட்டிருக்கிறார். பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் வண்டி லோனுக்குப் போனால் பேங்கில் வருமான வரி ரிட்டர்ன் கேட்கிறார்களாம். அவருக்கு முடித்துக் கொடுத்தால் அங்கேயே இன்னும் சிலர் வருவார்கள் போலிருக்கிறது.

வீட்டுக்காரர் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர், 19,000 சம்பளம், ஈஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு உண்டு. நாங்கள் மாடியில் இரண்டு ரூம் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒரு ரூமில் மாமியாரும் டிவியும். ஹவுஸ் ஓனர் கீழ்வீட்டில். கடைக்காரர்கள் ஃபைலோடு படியேறி வந்தால் என்ன சொல்வாரோ தெரியவில்லை. என் பிஎஃப் சர்வீஸ் ஒன்பதாவது வருஷத்தில் இருக்கிறது.

இதே வேலையை வீட்டிலிருந்து செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கணக்கு எழுதக் கொடுக்கிற பார்ட்டி எத்தனை பேர் இருந்தால் தைரியமாக வேலையை விடலாம்?

பெரம்பூர் பழைய கணக்கர்

அம்மா, வேலை வருமா என்று பயப்படவே வேண்டாம். வரும். காசுதான் வராது.

எத்தனை பார்ட்டி என்ற கணக்கை ஓரமாக வையுங்கள். அந்த இரண்டு கடைக்காரர்களும் பேசிய 2,000த்தை மாதாமாதம் கேட்காமல் தருகிறார்களா, நாலு தடவை போன் போட்ட பிறகு தருகிறார்களா? இன்று எப்படியோ நாளையும் அப்படித்தான். நீங்கள் சம்பளக்காரி என்று தெரிந்தவரைக்கும் "அடுத்த மாதம் சேர்த்துத் தரேன்மா" என்பார்கள். வேலையை விட்ட பிறகும் அதையேதான் சொல்வார்கள், உங்களுக்குத்தான் அப்போது வேறு மாதிரி கேட்கும்.

நான் மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குகிறேன். ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள், சிலர் போய்விட்டார்கள். போனவர்களெல்லாம் பாக்கி வைக்கிற ஆட்கள் என்பது பிறகு தெரிந்தது. வசூலுக்குப் போகிற நேரமும் முக்கியம். போணி ஆகுமுன் எந்தக் கடைக்காரரும் கல்லாவிலிருந்து காசு எடுத்துக் கொடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகும் கேட்காதீர்கள். பகல் மூன்று மணி வாக்கில், கூட்டம் இல்லாதபோது போய் உட்காருங்கள்.

அடுத்தது தேதி. கம்பெனியில் ஒரே ஒரு ஜிஎஸ்டி நம்பருக்கு ரிட்டர்ன் கடைசி நாள் 11ஆம் தேதி, 20ஆம் தேதி என்று பார்த்திருப்பீர்கள். இங்கே எல்லாப் பார்ட்டிக்கும் அதே நாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு 13, 22. அந்த நாட்களில் ஓடிபி போவது கடைக்காரர் போனுக்கு. அவர் கஸ்டமரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பார், போனை எடுக்க மாட்டார். ஒரு நாள் தள்ளினால் 50 ரூபாய் லேட் ஃபீ, விற்பனையே இல்லாத நில் ரிட்டர்னுக்கு 20. அதை யார் கட்டுவது என்பதில்தான் முக்கால்வாசிச் சண்டை. 5ஆம் தேதிக்குள் பில் வராவிட்டால் லேட் ஃபீ உங்கள் பொறுப்பு என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி, சரி என்று பதில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

சர்மா நகர் ஆரி ஒர்க்

சிஸ்டர், எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது. வீட்டிலேயே ஆரி ஒர்க்கும் பிளவுஸும் செய்கிறேன், அதனால் வீட்டுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

வீட்டிலிருந்து வேலை செய்கிற பொம்பளையை இந்த ஊரில் யாரும் வேலை செய்கிறவளாகவே எண்ண மாட்டார்கள். "நீ வீட்டில்தானே இருக்கே" என்று ஆரம்பிப்பார்கள். தண்ணி லாரி வந்தால் குடம் வைப்பது நாம், பக்கத்து வீட்டு பார்சலை வாங்கி வைப்பது நாம், கேஸ்காரருக்குக் கதவு திறப்பது நாம். நாத்தனார் வந்தால் டீ போடுவதும் நாம்தான். உங்களுக்கு இரண்டு ரூம் என்கிறீர்கள். கம்ப்யூட்டர் எந்த ரூமில் என்பதை மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் இப்போதே பேசுங்கள். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை கதவு சாத்தியிருக்கும் என்று சொல்லிவிடுங்கள். முதல் மாதம் கோபித்துக்கொள்வார்கள், அப்புறம் பழகிவிடும். என் மாமியார் இப்போது வருகிறவர்களிடம் "உள்ளே வேலையா இருக்கா" என்று அவரே சொல்கிறார்!

கரன்ட் பில்லையும் பாருங்கள். பகலெல்லாம் ஏசி ஓடினால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101இலிருந்து 200 வரைக்கும் ரேட் ஏறிவிடுகிறது. அப்புறம் ஆடி மாதம். எங்கள் தெருவில் அம்மன் கோயில் மைக் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ராத்திரிதான் ஓயும். அந்த மாதம் போனில் யாரிடமும் ஒரு வார்த்தை பேச முடியாது.

ராயபுரம்-13

மூன்று விஷயம் சொல்கிறேன், அவசரத்தில் தட்டுகிறேன்.

ஹவுஸ் ஓனர் பிரச்சினை நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. சேவைக்கு வருஷம் 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் ஓனரிடம் சம்மதக் கடிதம், ஈபி பில் காப்பி என்று போய் நிற்க வேண்டியதில்லை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை ஆதாரை வைத்து நீங்களே இலவசமாகச் செய்யலாம். பணம் கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. பார்ட்டிகள் படியேறாமல் நீங்களே கடைக்குப் போய் பில்லை எடுத்து வந்தால் ஓனருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை.

ஈஎஸ்ஐயில் உங்கள் வீட்டுக்காரர் பெயரில் நீங்கள், பையன், அவரை நம்பியிருக்கும் அம்மா மூவரும் வரலாம். அயனாவரம் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் அவருடைய சம்பளம் 21,000த்தைத் தாண்டினால், நடப்பு ஆறு மாதக் காலம் முடிந்ததும் பிடித்தம் நின்றுவிடும். இன்க்ரிமென்ட் வந்தால் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்கிற நிலைமை! தனியாக ஹெல்த் இன்சூரன்ஸ் எடுப்பதானால் இப்போதே எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்வார்கள், அந்தக் கடிகாரம் சம்பளம் வரும்போதே ஓட ஆரம்பிக்கட்டும்.

பிஎஃப் பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். பெரிய தொகை இல்லை, குறைந்தபட்சம் மாதம் 1,000தான். இருந்தாலும் ஒன்பதாவது வருஷத்தில் நிற்கிறவர் ஏன் விட வேண்டும்? இதற்கு முன் வேறெங்காவது பிஎஃப் பிடித்தார்களா?

தண்டையார்பேட்டை பி.காம்.

பிராட்வேயில் ஒரு கிளியரிங் ஆபீசில் இரண்டு வருஷம் பிடித்தார்கள்! அந்தப் பழைய கணக்கை இன்னும் இதோடு சேர்க்கவில்லை. இன்றே டிரான்ஸ்ஃபருக்குப் போடுகிறேன். சேர்ந்துவிட்டால் பத்து தாண்டிவிடும்.

பெரம்பூர் ஐயா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: துணிக்கடைக்காரர் 3ஆம் தேதியே ஜிபே போட்டுவிடுவார். ஹார்டுவேர்காரர் நீங்கள் சொன்ன இரண்டாவது ரகம். அவரிடம் மூன்று மாத முன்பணம் கேட்கப் போகிறேன். தரவில்லை என்றால் விட்டுவிடுவேன். காசிமேட்டு ஆட்களை நம்பி அடுத்த ஏப்ரலில் வேலையை விடலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறோம். சரியா?

பெரம்பூர் பழைய கணக்கர்

ஏப்ரல் மட்டும் வேண்டாம் அம்மா. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. 61 நாள் அந்த வியாபாரிகள் கையில் காசு புழங்காது. ஜூன் மாதம் உங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் வேறு. தடை முடிந்து ஜூலையில் விடுங்கள். ரிட்டர்ன் வேலையும் அப்போதுதான் குவியும். காசிமேட்டுக்காரர்களிடம் மாதக் கட்டணம் பேசாமல் வருஷக் கட்டணமாகப் பேசி, பொங்கலுக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வாங்கிவிடுங்கள். விடியற்காலை ஏலம் முடிந்து அவர்கள் கணக்குத் தீர்க்கிற நேரத்தில் போனால் ரொக்கமாகவே கிடைக்கும். மறக்காமல் ரசீது போடுங்கள்.