மட்டி பொறுக்கும் அக்கா காட்டிய இடம்

கழிமுகத்தை ஒட்டிய ஓர் ஊருக்குக் கண்டல், அதாவது கழிமுகச் சேற்றில் வளரும் அலையாத்தி மரக் கன்று, நடப் போயிருந்தோம். வருடா வருடம் கரை அரித்து, கடைசி வரிசை வீடுகளின் பின்சுவர் வரை அலை வந்துவிட்டது. கடல்நீர் வடிந்து கிடக்கும் வற்றத்தில் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சேற்றுத் திடல். காலியாகத்தானே கிடக்கிறது என்று இரண்டே நாளில் வரிசை வரிசையாக நட்டு முடித்தோம். மனம் நிறைந்துதான் திரும்பினோம்.

மூன்று மாதம் கழித்துப் போனால் பாதிக்கு மேல் காணோம். நின்றிருந்த ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். விரல் தடிமன் தண்டு, அடியிலிருந்து நுனிவரை கொட்டலசு, பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி, அப்பியிருந்தது. அந்தக் கனத்திலேயே கன்று சாய்ந்து போயிருந்தது. ஒரு இலைகூட இல்லை.

பக்கத்தில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தார். “நடுறப்பவே சொல்லலாம்னு வந்தேன் தம்பி, யாரும் காது கொடுக்கல. இங்க தண்ணி வடியிற நேரமே கொஞ்சம். அதோ, அந்தப் பழைய இறால் குட்டை இருக்கே, அங்கதான் முன்ன கண்டல் நின்னுது. இது எங்க பொழப்பு நடக்குற இடம்.”

அந்த ஒரு பேச்சில் எங்கள் இரண்டு தப்பும் இருந்தன: கண்டல் பிழைக்காத தாழ்வில் நட்டது, அவர்கள் பிழைப்பு நடக்கும் திடலில் நட்டது. கண்டல் பெரும்பாலும் சராசரிக் கடல்மட்டத்துக்கும் கடல் பொங்கி ஏறும் உச்ச ஓதம் தொடும் கோட்டுக்கும் நடுவில்தான் பிழைக்கும். அதற்குக் கீழே நட்டால் நாளில் பெரும்பகுதி மூழ்கிக் கிடந்து மூச்சு முட்டிச் சாகும். அந்தக் கோடும் நகர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. ஏறியிருக்கிறது, 2006-2018 காலத்தில் ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகம். ஆற்று வண்டல் வந்து தரையை உயர்த்தினால் கண்டல் தாக்குப்பிடிக்கும், இல்லையென்றால் உள்ளே நகர வேண்டும். பின்னால் வரப்போ சாலையோ மறித்தால் எங்கே போகும்?

அடுத்த முறை கன்று கொண்டுபோகவில்லை, மண்வெட்டிதான். குட்டைக்காரரிடம் பேசிச் சம்மதம் வாங்கவே பல மாதம் ஆனது. அப்புறம் அக்காவும் ஊர்க்காரர்களும் காட்டிய இடங்களில் வரப்பை வெட்டி, தூர்ந்த ஓடையைத் திறந்துவிட்டோம். ஓதம் உள்ளே ஏறி இறங்க ஆரம்பித்தது. விதையைத் தண்ணீரே கொண்டுவந்து போட்டது. போன தடவை பார்த்தபோது முழங்கால் உயரத்துக்கு, வரிசையே இல்லாமல், நெருக்கி முளைத்திருந்தது. திடலில் அக்கா மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

*

கரை அரிப்பில் நான் பார்த்த இன்னொரு இடம், தூண்டில் வளைவு போட்ட கரை. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் சுவர்தான் தூண்டில் வளைவு. கல்லை நீட்டிய ஊரில் மணல் சேர்ந்து வலை உலர்த்த இடம் கிடைத்தது. நீரோட்டம் போகும் திசையில் இருந்த அடுத்த ஊரில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அங்கிருந்த பெரியவர் ஒருவர், “எங்களுக்கு வர்ற மணலை அவங்க கல்லு பிடிச்சு வச்சிருக்கு” என்றார். கரையோரமாக மணல் பயணம் போகிறது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தையே நின்றிருந்தது. இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒரே படகில் ஏற்றிக் கரையைக் கடலிலிருந்து பார்க்க வைத்தோம். வெகுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேங்கிய மணலை அள்ளி மறுபக்கம் கொட்ட வேண்டும் என்று கேட்கும் மனுவில் இப்போது இரண்டு ஊர்க் கையெழுத்தும் இருக்கிறது.