மறு: ‘தற்கண்காணிப்பு’ வேண்டாம், ‘பேச்சோர்ப்பு’ சரிவருமா?

அன்புள்ள ஐயா,

பேசும்போதே நம் பேச்சை நாமே சரிபார்த்துக்கொள்வதற்கு (self-monitoring) நம் கலைச்சொல் பட்டியலில் ‘பேச்சோர்ப்பு’ என்று வைக்கலாம் என்றேன். நீங்கள் கேட்டது:

> ‘தற்கண்காணிப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். மார்க் சினைடர் 1974-இல் முன்வைத்த உளவியல் கருத்து ஒன்றுக்கும் இதே பெயர்தான். நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஒருவர் தன் நடத்தையை இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதை அது குறிக்கிறது. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளை அந்தப் பேச்சைச் சரிபார்த்துக்கொண்டு வருகிறதே, அதற்கு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பாடநூல் எழுதுகிறவர் பாடு திண்டாட்டம்.

அப்புறம், கண்காணிப்பில் கண் இருக்கிறது. வெளியில் நிற்கும் ஆள் ஒருவரும் இருக்கிறார். கண்காணிதானே கங்காணி ஆனார்? வேலை செய்கிறவர் ஒருவர், மேற்பார்க்கிறவர் வேறொருவர். பேச்சு மனத்தில் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்த வில்லம் லெவெல்ட் 1980-களில் தந்த விளக்கத்தில் அப்படித் தனிக் கங்காணி கிடையாது. பிறர் பேச்சைப் புரிந்துகொள்ள நம்மிடம் எந்த ஏற்பாடு உண்டோ, அதைக்கொண்டே நம் பேச்சையும் கேட்டுச் சரிபார்க்கிறோம் என்றார் அவர். சரிபார்ப்பு பேச்சை உருவாக்கும் பகுதிக்குள்ளேயே நடக்கிறது என்பது வேறு சிலர் கட்சி. எப்படிப் பார்த்தாலும் கண்ணுக்கு இதில் வேலை இல்லை.

‘ஓர்த்தல்’ என்றால் பழைய வழக்கில் காது கொடுத்துக் கேட்பது. ஆராய்ந்து தெளிவதும் அதுவே. அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்று ஆடவர்க்குரிய நாற்குணங்களை அடுக்குவார்களே, அந்த ஓர்ப்பு. கேட்பதும் எடைபோடுவதும் ஒரே வினைக்குள் அடங்கிக் கிடக்கும் சொல்லைத் தேடினாலும் இதைவிட நல்லதாகக் கிடைக்காது.

ஓர் எடுத்துக்காட்டு. வழி சொல்லும் ஒருவர், “அப்புறம் இ... வலப்பக்கம் திரும்புங்க” என்கிறார். ‘இடப்பக்கம்’ என்று தொடங்கி ‘இ’யோடு நிறுத்திவிட்டார். அந்த ‘இ’ காதில் விழுந்து, தப்பான சொல் என்று புரிந்து, பிறகு வாயை நிறுத்துவதென்றால் அதற்குள் ‘இடப்ப’ வரையாவது வெளியே வந்திருக்கும். அதுவும் தவிர, வெறும் ‘இ’யைக் கேட்டு அது ‘இடப்பக்கமா’, ‘இங்கேயா’ என்று யாரால் சொல்ல முடியும்? ஆக, சொல் முழுதாக வெளிவரும் முன்பே உள்ளே பிடிபட்டிருக்கிறது. இதை ‘அகவோர்ப்பு’ எனலாம். வெளியே வந்த ஒலியைக் காதால் கேட்டுத் திருத்துவது ‘புறவோர்ப்பு’.

புறவோர்ப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு 1950-இல் பெர்னார்ட் லீ எழுதியதைப் பார்க்கலாம். ஒருவருடைய குரலையே ஐந்தில் ஒரு பங்கு வினாடி தாமதித்து அவர் காதுக்குத் திருப்பி அனுப்பினால் பேச்சு இழுபடுகிறது, திக்குகிறது. தொலைபேசியில் நம் குரலே எதிரொலித்து வரும்போது நாம் தடுமாறி, “ஹலோ, கேக்குதா?” என்று நிறுத்திவிடுகிறோமே, அதே கதைதான்.

இனி இருமொழியருக்கு வருகிறேன். என் வாதமே இங்கேதான் இருக்கிறது. ஒருமொழியரின் ஓர்ப்பு கேட்பது, “நினைத்த சொல்தானா இது?” என்று. இருமொழியரின் ஓர்ப்பு அதோடு, “இவரிடம் இந்த மொழியா?” என்றும் கேட்டாக வேண்டும். ஒரு மொழியில் பேசும்போது மற்ற மொழி தூங்கிப்போவதில்லை, இரண்டும் விழித்தே இருக்கின்றன. வேண்டாததை அமுக்கிவைக்க வேண்டும் என்பது டேவிட் கிரீன் 1998-இல் சொன்னது. அடுத்த ஆண்டு மியூட்டரும் ஆல்போர்ட்டும் எண்களைத் திரையில் காட்டி, பின்னணி நிறத்துக்கு ஏற்ப இந்த மொழியில் சொல், அந்த மொழியில் சொல் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். நன்றாக வரும் முதல் மொழிக்குத் திரும்பும்போதுதான் தாமதம் அதிகமாக இருந்தது! வலுவான மொழியை அழுத்தமாக அமுக்கியிருந்தால் விடுவிக்கவும் நேரம் ஆகும் அல்லவா?

ஆனால் இன்னொரு இருமொழியரோடு பேசும்போது, “அந்த ஃபைலை அனுப்பிட்டேன்” என்றால் அது பிழையே இல்லை. ஆங்கிலம் தெரியாத பாட்டியிடம் அதே வாக்கியம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். சொல் ஒன்றுதான், கேட்கிறவரை வைத்துத்தான் அது தப்பாகிறது. இப்படி இடம் அறிந்து எடைபோடுவதைக் ‘கண்காணிப்பு’ என்றால் கேமராதான் நினைவுக்கு வருகிறது.

தொடர்புடைய இன்னொரு சொல்லுக்கு (efference copy) நான் வைத்த ‘ஏவற்படி’யை விட்டுவிடுகிறேன். பேசச் சொல்லி நாவுக்கும் உதட்டுக்கும் ஏவல் போகும்போது அதன் நகல் ஒன்று மூளையில் ஒலியைக் கேட்கும் பகுதியான கேள்விப் புறணிக்கும் போகிறது, இன்ன ஒலி வரப்போகிறது என்று. அதனால்தான் பேசும்போது நம் குரலுக்கு அந்தப் புறணி அடங்கியே எதிர்வினை காட்டுகிறது. அதே குரலைப் பதிவுசெய்து கேட்டால் கூடுதலாகக் காட்டுகிறது. ஆனால் ‘ஏவற்படி செய்தான்’ என்று படித்துவிட்டால் பொருள் கவிழ்ந்துவிடும். ‘ஏவல்நகல்’ போதும். நகல் தமிழா என்று இந்த இழையில் யாரும் தொடங்காமல் இருந்தால் புண்ணியம்.

---

தம்பி,

ஓர்ப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. பேச்சோர்ப்பு பிடிக்கவில்லை. காலையில் உங்கள் மடலின் தலைப்பைப் ‘பேச்சோர்வு’ என்று படித்து, பேசிப் பேசிக் களைத்துப்போவதைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். கண்ணில் ‘சோர்’ விழுந்ததும் மீதியை மூளையே எழுதிக்கொண்டது. மாணவர்களுக்கும் இதுதான் நடக்கும்.

‘சொல்லோர்ப்பு’ என்று வைத்தால் என்ன? தனிச்சொல்லை மட்டும் குறிக்கும், ஒலியும் இலக்கணமும் விட்டுப்போகும் என்பீர்கள். “காத்தோம்பல் சொல்லின்கட் சோர்வு” என்ற குறளில் ‘சொல்’ பேச்சு முழுவதையும்தானே குறிக்கிறது? அந்தச் சோர்வும் களைப்பு அல்ல, வழுவுதல். வாய்தவறுவதற்குச் ‘சொற்சோர்வு’ என்று வைக்கலாம் என்று ஆசைதான். ஆனால் இன்று யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள். அதற்கு ‘வாய்த்தவறு’ இருக்கட்டும்.

---

ஐயா,

சொல்லோர்ப்புக்கு நான் சரி. உங்களுக்குப் பதில் எழுதும்போது நானும் இரண்டு முறை ‘பேச்சோர்வு’ என்றே தட்டச்சு செய்தேன். முதல் முறை விரல் பாதியில் நின்றது. இரண்டாவது முறை, முழுதாக எழுதிப் படித்த பிறகுதான் தெரிந்தது.

பட்டியலில் சேர்க்க வரைவு: சொல்லோர்ப்பு – பேசுகிறவர் தன் பேச்சைப் பேசும் முன்னும் பேசும்போதும் கேட்டு, நினைத்ததோடும் கேட்கிறவரோடும் பொருத்திப் பார்ப்பது. வினை: ஓர்த்தல். வகை: அகவோர்ப்பு, புறவோர்ப்பு. ‘கேட்கிறவரோடும்’ என்பதை மட்டும் யார் சொன்னாலும் வெட்ட விடமாட்டேன்.