பேஸ்மேக்கரில் 6 நிமிடம் பதிவானால் ஆயுளுக்கும் மாத்திரையா?

பேட்டரிமாமா:
யூடியூப் டாக்டர் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: பேஸ்மேக்கர் ரிப்போர்ட்டில் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் (ஏஎஃப், அதாவது இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிப்பது) 6 நிமிடம் பதிவாகியிருந்தால் அன்றைக்கே ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஆரம்பித்து ஆயுள் முழுக்கப் போட வேண்டுமாம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த 6 நிமிடம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2012-ல் வெளியான அசர்ட் ஆய்வு. 65 வயதைத் தொட்ட, பிரஷர் உள்ள 2,580 பேர். மேலறை நிமிடத்துக்கு 190-க்கு மேல் துடித்து, அது 6 நிமிடத்தைத் தாண்டினால் கணக்கில் எடுத்தார்கள். ஆய்வுக்குப் போட்ட கோடு ஐயா அது, மருந்துச் சீட்டு இல்லை.

வெள்ளைக்கோட்டு:
கோட்டைத் தாண்டியவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு என்றும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. வசதியாக விட்டுவிட்டீர்களே மாமா?

பேட்டரிமாமா:
விடவில்லை, வருகிறேன். 2017-ல் அதே தரவை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தவர்களுக்குத்தான் ஆபத்து தெளிவாகக் கூடியது. உங்கள் 6 நிமிடக்காரர்களுக்கு இல்லை.

தில்லைநகர்தேவி:
மாமனாரின் ரிப்போர்ட்டிலும் இப்படி வந்து வீடே அலறியது. டெக்னீஷியன் அவர் நெஞ்சின் மேல் கருவியை வைத்து, திரையில் கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏஎஃப் இல்லைம்மா, கீழறைத் துடிப்பையும் மேலறை வயர் சேர்த்து எண்ணியிருக்கு" என்று சாவகாசமாகச் சொன்னார். நாங்கள் அதற்குள் மாத்திரையே வாங்கி வைத்திருந்தோம்.

வெள்ளைக்கோட்டு:
ஒரு மாமனாரை வைத்து மருத்துவம் எழுத முடியாது அம்மா.

பேட்டரிமாமா:
ஒரு மாமனார் இல்லை. அசர்ட்டிலேயே 6 நிமிடப் பதிவுகளைச் சரிபார்த்தபோது சுமார் 17 விழுக்காடு பொய்ப் பதிவு. வீடியோவில் இதைச் சொன்னாரா?

வெள்ளைக்கோட்டு:
பழைய கதையையே ஓட்டாதீர்கள். 2023-ல் ஆர்டீசியா ஆய்வு வந்தாயிற்று. 6 நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் வரை பதிவான 4,012 பேர். ஆஸ்பிரின் போட்டவர்களைவிட அபிக்சபான் என்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை போட்டவர்களுக்குப் பக்கவாதம் 37 விழுக்காடு குறைவு. 6 நிமிடத்திலிருந்து! நன்றாகப் படியுங்கள்.

பேட்டரிமாமா:
படித்தாயிற்று. ஆண்டுக்கு 100 பேரில் 1.24 என்பது 0.78 ஆனது. இதற்குத்தான் 37 என்று தம்பட்டம். பெரிய ரத்தக்கசிவு 0.94-லிருந்து 1.71-க்கு ஏறியதை யார் சொல்வது? எடோக்சபான் என்ற அதே வகை மாத்திரையை வைத்து நடந்து, அதே 2023-ல் வெளியான நோவா ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்களே, அதை எந்த வீடியோவில் பார்க்கலாம்?

வெள்ளைக்கோட்டு:
ரத்தக்கசிவைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். விழுந்த கை கால் எழுந்து வருமா? இண்டக்ஷன் அடுப்பு இழையிலும் இதே வீம்புதான் உங்களுக்கு.

பேட்டரிமாமா:
பேஸ்மேக்கர் வைத்தவர் அடுப்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி நின்றால் போதும் என்றேன். அது சரிதானே? நீங்கள்தான் அடுப்பையே தூக்கிப் போடச் சொன்னீர்கள். பேச்சை மாற்றாதீர்கள்.

ஷாக்வாங்கியவன்:
எனக்கு ஐசிடி, ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி. மாடிப்படி ஏறும்போது ஏஎஃப் வந்து துடிப்பு எகிறியது. கீழறைதான் கெட்டுப்போச்சு என்று கருவி நினைத்துக்கொண்டு சுளீரென்று ஒரு ஷாக் விட்டது, நினைவு தப்பவே இல்லை, அதனால் முழுசாக வாங்கினேன். ஷாக் எந்த வேகத்தில் விட வேண்டும் என்பதை மாற்ற முடியுமா? இதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

தில்லைநகர்தேவி:
முடியும் அண்ணா. 2012-ல் மேடிட்-ரிட் என்று ஓர் ஆய்வு, 1,500 பேர். துடிப்பு நிமிடத்துக்கு 200-ஐத் தொட்டால்தான் சிகிச்சை என்று வைத்ததிலும், கொஞ்சம் பொறுத்துவிட்டு விடச் சொன்னதிலும் தேவையில்லாத சிகிச்சை நன்றாகக் குறைந்தது. உங்களுக்கு எந்த அளவு என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வெள்ளைக்கோட்டு:
பார்த்தீர்களா, ஏஎஃப் ஆபத்து என்று அவரே சொல்கிறார்.

பேட்டரிமாமா:
அவர் சொல்வது ஷாக். நான் கேட்பது மாத்திரை. ஏற்கனவே டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் போடுகிறவர்கள் என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், அப்புறம் அதற்கும் என்னைத்தான் பிடிப்பார் இவர். வீடியோக்காரர் வயது கேட்டாரா? சர்க்கரை கேட்டாரா? முன்பு பக்கவாதம் வந்ததா என்று கேட்டாரா? 6 நிமிடம் என்றார், முடித்துவிட்டார்.

வெள்ளைக்கோட்டு:
உங்களோடு பேசுவது வீண். விலகுகிறேன்.

வெள்ளைக்கோட்டு:
ஒன்று மட்டும். ஆர்டீசியாவிலும் 6 நிமிடம்தான்.

பேட்டரிமாமா:
விலகுகிறேன் என்றீர்களே? சரி, வந்ததற்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த 17 விழுக்காட்டுக்கும் ஆயுளுக்கும் மாத்திரையா?