கலைச்சொல் தேவை: ‘பிரஷர் வாஷர்’ – உயர் அழுத்தக் கழுவியா, விசைநீர்க் கழுவியா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

பிரஷர் வாஷிங் தொழிலில் புதிதாக இறங்குவோருக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். தரை, சுவர், கூரை, வாகனம், இயந்திரம் என எல்லாவற்றையும் நீரை அடித்துக் கழுவும் வேலை. கருவிக்கு ‘உயர் அழுத்தக் கழுவி’ என்றும், வேலைக்கு ‘உயர் அழுத்தக் கழுவல்’ என்றும் வைத்திருக்கிறேன். நாசில், லான்ஸ், அன்லோடர் வால்வு, சர்ஃபேஸ் கிளீனர், சாஃப்ட் வாஷ், ட்வெல் டைம் ஆகியவற்றுக்கு இன்னும் சொல் அமையவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் குழுவில் இருந்தால் கைகொடுங்கள்.

அன்புடன்.

மடல் 2

ஐயா, வணக்கம்.

இந்தத் தொழில்தான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

> கருவிக்கு ‘உயர் அழுத்தக் கழுவி’ என்றும்

இலக்கணப்படி குறையில்லை, ஆங்கிலத்தில் இருப்பதை நேராகச் சொல்கிறது. ஆனால் புதிதாக வருகிறவர்களைக் கெடுக்கும் எண்ணம் எதுவோ, அதையே இந்தப் பெயர் தலையில் தூக்கி வைக்கிறது. கருவி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது “எத்தனை பார்?”, அதாவது அழுத்தம் எவ்வளவு என்றுதான். “நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்?” என்று கேட்பவர் அரிது. தொழிலில் காசு பார்ப்பதும் பார்க்காமல் போவதும் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

கணக்காகவே சொல்கிறேன். நீரின் திறனைக் கிலோவாட்டில் அறிய, அழுத்தத்தைப் பாரிலும் பாய்வை நிமிடத்துக்கு லிட்டரிலும் எடுத்துப் பெருக்கி 600 ஆல் வகுக்க வேண்டும். 150 பாரில் 10 லிட்டர் தரும் கருவிக்கு 2.5 கிலோவாட் வருகிறது. 100 பாரில் 15 லிட்டர் தரும் கருவிக்கும் அதே 2.5 கிலோவாட்தான். ஆனால் பரப்பின் மேல் மோதும் விசை இரண்டுக்கும் ஒன்றல்ல. நீரின் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடுகிறது. நீரின் அளவோ அப்படியே முழுதாக விசையில் சேர்கிறது. முதல் கருவி ஏறக்குறைய 29 நியூட்டன் தரும், இரண்டாவது 35. அழுத்தம் குறைந்த கருவிதான் வலுவாக அடிக்கிறது. பெயர்ந்த அழுக்கை வாசல் வரை தள்ளிக்கொண்டு போவதற்கும் நீர் வேண்டும். நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் மட்டும் வரும் வீட்டு உபயோகக் கருவியில் அழுக்கு பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்திலேயே சேறாக நிற்கும். அதை ஒதுக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அழுத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுக்கின் பிடியை உடைப்பது அழுத்தம். உடைந்த பிறகு அதைக் கொண்டுபோய்த் தள்ளுவது பாய்வு. வேண்டிய அளவுக்கு மேல் அழுத்தம் வைத்தால் பரப்பும் சேர்ந்தே உடையும். மென்மரத்தில் 40 பாரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் நார் எழும்பி மரம் பஞ்சுபோல் ஆகிவிடும். புதுச் சிமெண்ட் தரையில் முனையை நெருக்கிப் பிடித்தால் மேற்பூச்சு அரிந்து கோடுகோடாகத் தடம் விழும். அந்தத் தடத்தை எந்த மருந்தாலும் அழிக்க முடியாது. ‘உயர் அழுத்தம்’ என்று அட்டையிலேயே எழுதிவிட்டு, உள்ளே பத்துப் பக்கத்துக்கு “அழுத்தத்தைக் குறையுங்கள்” என்று எழுதினால் படிப்பவன் எதை நம்புவான்?

எனவே ‘விசைநீர்க் கழுவி’ என்று முன்மொழிகிறேன். வேலைக்கு ‘விசைநீர்க் கழுவல்’. மேலே சொன்ன கணக்கில் அழுத்தமும் பாய்வும் சேர்ந்து முடியும் இடம் விசைதான். விசைத்தறி, விசைப்படகு என்று இயந்திரத்தால் இயங்குவனவற்றுக்கு இந்தச் சொல் ஏற்கெனவே பழகியும் இருக்கிறது. கருவியைக் கையில் பிடித்தவர்களுக்கு இதில் விளக்கமே தேவைப்படாது: 200 பாரில் 15 லிட்டர் கருவி ஏறத்தாழ 50 நியூட்டன், அதாவது 5 கிலோ எடையளவுக்குப் பின்னோக்கித் தள்ளும். நாள் முழுக்க அதைத் தாங்கிய தோளுக்கு விசை என்றால் என்னவென்று தெரியும்.

அன்புடன்.

மடல் 3

இருவருக்கும் வணக்கம்.

விவாதத்துக்காகச் சில தடைகளை எழுப்புகிறேன். தொழிலாளர் சினம் கொள்ள வேண்டாம்.

‘விசை’ என்பது பொத்தானுக்கும் ஆகிவருகிறது, விசைப்பலகை என்கிறோம். ‘விசைநீர்’ என்று தனியே பார்த்தால் ஏதோ குடிக்கும் மருந்து என்று நினைக்கவும் இடமிருக்கிறது. ‘தாரை’ என்ற சொல்லை நினைத்துப் பார்த்தேன். நீர்த்தாரை அழகாக இருக்கிறது. ஆனால் தாரை தாரையாக வழிவது கண்ணீர். அடிக்கும் நீருக்கு அந்த மென்மை ஒட்டவில்லை. மக்கள் வாயில் இருக்கும் வினை ‘பீச்சு’. அகராதியில் பீச்சாங்குழல் இருக்கிறது. கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீரைப் ‘பீய்ச்சி அடித்தார்கள்’ என்று நாளிதழ்கள் ஓயாமல் எழுதுகின்றன. ‘பீச்சுக் கழுவி’ என்றால் என்ன?

ஒரு துணைச் செய்தி. ஐரோப்பாவின் முதல் சுடுநீர் உயர் அழுத்தக் கழுவியை 1950 இல் ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் கொண்டுவந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரையே எல்லா நிறுவனத்தின் கருவிக்கும் பொதுப்பெயராக ஆக்கிக்கொண்டார்கள். நாம் சொல் தராவிட்டால் வணிகப் பெயர் வந்து உட்கார்ந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உறுப்புகளின் பெயர்களுக்கு, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதைத் தொழிலாளர் எழுதினால் சொல் தேட வசதியாக இருக்கும்.

மடல் 4

சினம் எதுவுமில்லை ஐயா. தடை சொல்ல ஆளிருந்தால்தான் சொல் உறுதிப்படும்.

‘பீச்சு’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அதை முழுக் கருவிக்கும் வைத்தால், பீச்சாங்கை என்ற சொல் புழங்கும் ஊர்களில் முகவரி அட்டையில் அச்சிடத் தயங்குவார்கள். தொழிலுக்குப் பெயர் வைக்கும்போது அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கருவியில் உண்மையாகவே பீச்சும் உறுப்பு நாசில். அதற்கே கொடுத்துவிடலாம்: பீச்சுமுனை. அது பொருந்தியிருக்கும் நீண்ட குழாய்க்குப் பீச்சுகோல். ‘ஈட்டி’ என்று லான்ஸை மொழிபெயர்த்தவர்களும் உண்டு. கையேட்டில் ஈட்டியைப் பிடி, துப்பாக்கியை அழுத்து என்றெல்லாம் எழுதினால் போர்ப்பயிற்சி போல ஆகிவிடும்.

பீச்சுமுனையைப் பற்றிக் கையேட்டில் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். கைக்குள் அடங்கும் இந்தப் பித்தளை, எஃகுத் துண்டில்தான் வேலையின் பாதி இருக்கிறது. நிறம் விரிவைச் சொல்லும்: சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு 65. கறுப்பு சோப்பு அடிப்பதற்கு. பரப்பிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் மஞ்சள் முனையின் நீர் ஏறக்குறைய 8 செ.மீ. அகலத்தில் விழும், வெள்ளையின் நீர் 22 செ.மீ. அகலத்தில். அதே நீர், அதே பம்பு. வெட்டுவதும் வருடுவதுமாக இரண்டு வேலை. தெரியாத பரப்பில் வெள்ளையில் தொடங்கிப் போதாவிட்டால் பச்சைக்கு வருவதே முறை. சிவப்பை என் ஆட்களிடம் கொடுப்பதே இல்லை.

முனையின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள். 1504 என்று இருந்தால் 15 பாகை விரிவு, 4 ஆம் அளவுத் துளை. 4 ஆம் அளவு என்றால் 4000 பி.எஸ்.ஐ., அதாவது 276 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 4 அமெரிக்கக் காலன், ஏறத்தாழ 15 லிட்டர் போகும் துளை. பம்பின் அளவுக்குப் பொருந்தாத துளையைப் போட்டால் அளவுமானி பொய் சொல்கிறது என்று நினைப்பீர்கள். துளை தேய்ந்தாலும் இதே கதை. துளையின் பரப்பு பத்தில் ஒரு பங்கு கூடினால் அழுத்தம் 17 சதவீதம் போல விழும். கண்ணால் பார்த்தால் தேய்மானம் தெரியாது. அனுபவமில்லாதவர்கள் உடனே அன்லோடர் வால்வைத் திருகி இறுக்குவார்கள். அதனால் ஒன்றும் ஏறாது. நீர் முழுவதும் ஏற்கெனவே முனை வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு ஒருநாள் புது முனையை மாட்டும்போது அழுத்தம் எல்லை தாண்டி, குழாயோ பம்பின் அடைப்போ (சீல்) போகும். முதலில் முனையை மாற்றிப் பாருங்கள் என்பதை எல்லாப் பழுதுக்கும் முன்னால் அச்சிட வேண்டும்.

அந்த அன்லோடரை ‘சுமை இறக்கி’ என்று பெயர்த்தால் லாரிப் பட்டறை நினைவுதான் வரும். அது செய்வது இதுதான்: பிடியை விட்டதும் பம்பு தள்ளும் நீருக்குப் போக இடமில்லை, வால்வு அதைத் திருப்பிப் பம்பின் வாயிலுக்கோ தொட்டிக்கோ அனுப்புகிறது. எனவே திருப்பு வால்வு. வால்வு என்பதை அப்படியே வைத்துக்கொள்வோம், பம்பையும் அப்படியே. எக்கி நல்ல சொல், ஆனால் ‘எக்கியில் எண்ணெய் மாற்று’ என்றால் எந்தப் பட்டறைக்காரரும் ஒரு கணம் திகைப்பார். எண்ணெய் என்றதும் நினைவு வருகிறது: புதுப் பம்பில் முதல் 50 மணி நேரத்திலேயே அதை மாற்றிவிட வேண்டும். முதல் ஓட்டத்தில் உதிரும் உலோகத்தூள் அதில்தான் மிதக்கும்.

திருப்பிய நீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடேறும். பிடியை விட்டுவிட்டு வாடிக்கையாளரிடம் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தால் அடைப்புகள் வெந்துவிடும். ஏறக்குறைய 60 பாகை செல்சியசில் திறந்து சூட்டு நீரை வெளியேற்றும் இன்னொரு வால்வு உண்டு. அதற்கு வெப்ப விடுப்பு வால்வு போதும். ஆனால் அதை நம்பி இயந்திரத்தை ஓடவிடுவதைவிட நிறுத்திவிடுவது மேல்.

ட்வெல் டைமுக்குச் சொல் தேடவே வேண்டாம். சலவைத் துறையில் இருக்கிறது. சோப்பு போட்டு ஊறவைக்கிறோம். ஊறல் நேரம். இது பிடிபட்டவனுக்கு அழுத்தம் பாதி தேவைப்படாது. சுவரில் மருந்தைக் கீழிருந்து மேலாகப் பூசி, ஊறவிட்டு, மேலிருந்து கீழாக அலச வேண்டும். மேலிருந்து பூசினால் வழிந்த மருந்து கீழே காய்ந்த சுவரில் கோடு போட்டுவிடும். ஊறலாம், ஆனால் காயக் கூடாது. வெயில் ஏறிய சுவரில் பூசுவதைத் தவிர்த்து நிழல் பக்கமாகவே நகர்ந்து செல்ல வேண்டும்.

சாஃப்ட் வாஷுக்கு மென்கழுவல். பாசி படிந்த கூரையிலும் சாயம் பூசிய சுவரிலும் அடித்துக் கழுவுவது வீண். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைத் தாழ்ந்த அழுத்தத்தில் தெளித்தால் பாசி வேரோடு சாகும். அருகிலுள்ள செடிகளை முன்னும் பின்னும் நல்ல நீரால் நனைக்க வேண்டும். அந்தக் கரைசலோடு அமிலம் எதுவும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். ஒரே வாளியை இரண்டுக்கும் பயன்படுத்தும் பழக்கமே கூடாது. இதைக் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போடுங்கள்.

சர்ஃபேஸ் கிளீனர் என்பது கவிழ்த்த தட்டின் அடியில் இரண்டு முனைகள் சுழலும் கருவி. தரையில் கோலால் அடித்தால் வரிவரியாக விழும். இது ஒரே சீராகக் கழுவும், நீரும் காலில் தெறிக்காது. சுழல்தட்டு என்றே எங்கள் ஆட்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதை மாற்ற நமக்கு வேலையில்லை.

காயத்துக்கு ஒரு சொல் வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வேண்டும். ஏறக்குறைய 7 பார் அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும் என்பார்கள். நாம் கையாள்வது அதைவிடப் பலமடங்கு. விரலில் பட்டால் வெளியே ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி, பெரிதாக வலியும் இருக்காது. உள்ளேயோ நீரும் அழுக்கும் தசைக்குள் வெகுதூரம் போயிருக்கும். கட்டுப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால் விரலையே எடுக்க நேரலாம். உடனே மருத்துவமனைக்குப் போய் ‘உயர் அழுத்த நீர் உள்ளே புகுந்தது’ என்று சொல்ல வேண்டும். ஊடுருவுகாயம் என்று தனிப்பெயர் இருந்தால் ‘சின்னக் கீறல்’ என்று யாரும் ஒதுக்க மாட்டார்கள்.

கருவிப் பெயரில் நான் விசைநீரிலேயே நிற்கிறேன். குடிக்கும் மருந்து என்று நினைப்பவர்கள் ‘கழுவி’ வரை படிக்கட்டும்.

எனக்கு அகப்படாத ஒன்று மட்டும் மீதி. பம்புக்குள் வரும் நீர் போதாமல் போனால் உள்ளே குமிழ்கள் தோன்றி, வெடித்து, உலோகத்தை அரிக்கும். கூழாங்கல் உருளும் ஓசை கேட்கும். கேவிடேஷன் என்பார்கள். குழாயடியிலிருந்து நேராக இழுக்காமல் நடுவில் ஒரு தொட்டி வைத்தால் பெரும்பாலும் தப்பலாம்; வடிகட்டியையும் அடிக்கடி பார்க்க வேண்டும். ‘குமிழரிப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் தோலில் வரும் அரிப்பு குறுக்கே வந்து நிற்கிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்; கையேடு அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.