எதைக் கேட்டாலும் 'ஆமா'தான் வருகிறது: களப்பணிக்கு உதவி தேவை

மதுரையில் பி.ஏ. சமூகவியல் மூன்றாம் ஆண்டுக்கு ஆய்வு முறைகள் எடுக்கிறேன். இந்தப் பருவத்துக் களப்பணி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் பூ கட்டி விற்கும் பெண்களைப் பற்றியது. அமெரிக்க உளவியலாளர் லிக்கர்ட் 1932-இல் தந்த ஐந்து புள்ளி அளவுகோலில்தான் சிக்கல்; ஒரு கூற்றைச் சொல்லி, 'முழுமையாக ஏற்கிறேன்' முதல் 'சுத்தமாக ஏற்கவில்லை' வரை ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அது. "வருமானம் போதும்" என்றாலும் ஆமா, "போதவில்லை" என்றாலும் ஆமா. ஓர் அக்கா நாரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நீயே பார்த்து எழுதிக்க தாயி" என்றார். மாணவர்களும் அப்படியே எழுதி வந்து சராசரி போடுகிறார்கள். அந்த எண்ணை ஆய்வு என்று ஏற்க எனக்கு மனசு வரவில்லை.

கேள்விகளைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றினோம். ஐந்தை மூன்றாகக் குறைத்தோம். வியாபாரம் ஓய்ந்த மதிய நேரத்தில் போனோம். அப்புறம் முகப் படங்களும் காட்டினோம். எல்லாரும் சிரிக்கும் முகத்தையே தொட்டார்கள். சும்மா பேச்சுக் கொடுத்தால் மட்டும் மல்லி விலை, தண்டல் வட்டி, பிள்ளைகளின் ஃபீஸ் என்று மனம் திறந்து பேசுகிறார்கள். ஆனால் மார்ச் இறுதிக்குள் தர வேண்டிய அறிக்கையில் அட்டவணை கட்டாயம்.

இப்படிப்பட்டவர்களின் கருத்தை எண்ணாக்க, களத்தில் உங்களுக்குக் கைகொடுத்த முறை எது?