மடக்குக் கத்தியில் தடுப்பு வைத்த பிளேடு போட்டு அப்பாவுக்கு ஷேவ் செய்யலாமா?

ஆற்றங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 74 வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் வீட்டில் ஷேவ் செய்து பார்த்ததில்லை, ஞாயிறு காலை சலூன், மடக்குக் கத்தியில் ஒரு தடவை, எதிர் ஷேவ் ஒரு தடவை, கடைசியில் படிக்காரம், அது அவருக்குக் கோயிலுக்குப் போவது மாதிரி. ஆறு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் முடங்கிவிட்டது. மாடியை விட்டு இறக்க முடியவில்லை. கடைக்காரர் மாதம் ஒரு முறை வீட்டுக்கு வந்து செய்துவிட்டுப் போகிறார், மற்ற நாளெல்லாம் வெள்ளைத் தாடியோடு கண்ணாடியைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார். நானே செய்யலாம் என்று சலூன்களில் வைத்திருக்கிற மாதிரி ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன், பிளேடை இரண்டாக உடைத்து மாட்டுவதுதான். என் முகத்திலேயே முயற்சி செய்து தாடையில் இரண்டு இடத்தில் கீறிக்கொண்டேன். வெட்டாமல் இருக்க விளிம்பிலேயே தடுப்பு வைத்த பிளேடு வருகிறது என்று கேள்விப்பட்டேன். அது இந்தக் கத்தியில் பொருந்துமா? பழக்கமில்லாத கைக்கு அது உண்மையிலேயே பாதுகாப்பா?

கத்திப்பிடி:
முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் வாங்கின கத்தியில் அது பொருந்தாது. உங்களுடையது சாதாரண இரட்டை விளிம்பு பிளேடில் பாதியைப் பிடிப்பது. தடுப்பு பிளேடு ஒற்றை விளிம்பு, அளவே வேறு, அதற்கென்று செய்த கத்தியில்தான் உட்காரும். நான் ஆறு வருடமாகப் பயன்படுத்துவது ஜப்பானின் ஃபெதர் நிறுவனத்தின் ஆர்ட்டிஸ்ட் கிளப் வகை. அதில் ப்ரோகார்ட் என்ற பிளேடுதான் தடுப்பு உள்ளது. கய் நிறுவனத்தின் கேப்டன் வரிசையில் ப்ரோடச் என்று இதே மாதிரி ஒன்று உண்டு. இரண்டு நிறுவனமும் பிறந்தது செக்கி என்ற ஒரே ஊரில், பல நூறு வருடமாக வாள் அடித்த ஊர் அது, கய் 1908-இல் அங்கே தொடங்கியது.

எங்கள் தாத்தா சவரத் தொழிலாளி. கல்லில் சாணை பிடித்து, தோல்வாரில் தீட்டி, நகத்தில் வைத்துப் பதம் பார்ப்பார். அந்தக் கத்தியின் கனம் கையை வழிநடத்தும். பாதி பிளேடு போட்ட கத்தியில் அந்தக் கனம் இல்லை. அந்த பிளேடு 0.1 மில்லிமீட்டர்தான், தோலில் லேசாக வளையும், முனை வேறு கூராக நீட்டிக்கொண்டிருக்கும். உங்களைக் கீறியது பெரும்பாலும் அந்த முனைதான். ஆர்ட்டிஸ்ட் கிளப் பிளேடு ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர், வளையாது. தடுப்புள்ளதில் விளிம்பை ஒட்டிச் சின்னச் சின்னத் தடுப்புகள் இருப்பதால் தோல் உள்ளே புகுந்து மாட்டாது.

பாதுகாப்பா என்றால், சாய்வு கொஞ்சம் தவறினால் மன்னித்துவிடும், ஆனால் பிளேடைப் பக்கவாட்டில் இழுத்தால் தடுப்பு இருந்தாலும் வெட்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். கத்தியைத் தோலோடு சுமார் 30 பாகை சாய்த்து, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, அரை அங்குலம் அரை அங்குலமாக முடி போகிற திசையிலேயே வாருங்கள். அழுத்தவே கூடாது. தடுப்பு இருக்கிற தைரியத்தில் அழுத்துகிறவர்களுக்குத்தான் கழுத்தெல்லாம் எரிந்து சிவந்துபோகிறது. நுரை தடுப்பில் அடைத்துக்கொள்ளும், இரண்டு இழுப்புக்கு ஒரு முறை தண்ணீரில் அலசுங்கள். கிருதா ஓரம், மீசை ஓரம் மட்டும் இதில் நேர்க்கோடாக வராது, விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. அதற்குச் சின்ன கத்தரிக்கோல் போதும்.

மழைக்காலம்:
நான் வேறு மாதிரி நினைக்கிறேன். எதற்கு இவ்வளவு செலவு? சாதாரண டி வடிவ சேஃப்டி ரேசரிலேயே தடுப்புக் கம்பி இருக்கிறதே, பிளேடும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஜப்பான் பிளேடு வரவழைத்துக் காத்திருக்க வேண்டும், தீர்ந்தால் திரும்பவும் காத்திருக்க வேண்டும். என் மாமனாருக்கு இரண்டு வருடம் சேஃப்டி ரேசரில்தான் செய்தேன், ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை.

கத்திப்பிடி:
மழைக்காலம், நீங்கள் சொல்வது சரிதான், செலவு குறைவு. ஆனால் அடுத்தவர் முகத்தில் செய்யும்போது மடக்குக் கத்திக்கு ஒரு வசதி உண்டு, மூக்குக்குக் கீழேயும் தாடை வளைவிலும் பிளேடு எங்கே இருக்கிறது என்று கை மறைக்காமல் தெரியும். அதோடு அவர் அப்பா கேட்பது அந்தக் கத்தியின் சத்தத்தை. நாற்பது வருடம் காதோரம் கேட்டு வந்த சத்தம், அதை ரேசர் தராது.

வெள்ளைச்சீருடை:
நான் செவிலியர். கத்தி எது என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள். உங்கள் அப்பா ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி ஏதாவது எடுக்கிறாரா? அப்படியென்றால் சின்னக் கீறல்கூட நெடுநேரம் நிற்காமல் கசியும். அவர்களுக்கு நாங்கள் எலக்ட்ரிக் ஷேவரைத்தான் சொல்வோம். டாக்டரிடம் கேட்காமல் எந்த பிளேடையும் வைக்காதீர்கள், தடுப்பு உள்ளதாக இருந்தாலும் சரி.

இன்னொன்று, முடங்கிய பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெட்டுப்பட்டால் அவர் சொல்லமாட்டார், அவருக்கே தெரியாது. சூடான துண்டு வைக்கிறேன் என்று அந்தப் பக்கம் வைத்துவிடாதீர்கள், வெந்துவிடும், முதலில் உங்கள் முழங்கை உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். கன்னம் தொங்கியிருந்தால் காதுப் பக்கமாக மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். படுக்க வைத்துச் செய்யாதீர்கள், தலையணை அடுக்கிச் சாய்த்து உட்கார வையுங்கள், விழுங்குவதில் சிரமம் இருந்தால் நுரை வாய்க்குள் போனால் புரையேறும். நடுவில் அவர் பேச வாயெடுத்தால் கத்தியை முகத்திலிருந்து எடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.

ஆற்றங்கரை:
செவிலியர் அக்காவுக்கு ரொம்ப நன்றி. மாத்திரைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் இரண்டுமே இருக்கிறது. நான் இதை யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அப்போது கேட்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் எலக்ட்ரிக் ஷேவர்தான், ஆனால் பிரஷ்ஷில் நுரை குழைத்து முகம் முழுக்கத் தடவித் துடைத்துவிடுவதை முதலில் செய்யப்போகிறேன், அவருக்குப் பிடித்ததில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். கத்திப்பிடி அண்ணா, டாக்டர் சம்மதித்தால் ஆர்ட்டிஸ்ட் கிளப் கத்தியே வாங்கிக்கொள்கிறேன். எத்தனை நாள் பழகிவிட்டு அவர் முகத்தில் வைக்கலாம்?

கத்திப்பிடி:
நாள் கணக்கு வேண்டாம். பலூனை ஊதி நுரை தடவி, உடையாமல் வழித்துப் பழகுங்கள், தொழில் கற்கும் பையன்களுக்கு அதுதான் முதல் பாடம். அப்புறம் உங்கள் முகத்தில். தொடர்ந்து பத்து ஷேவ் கீறலே இல்லாமல் வந்ததும் அவருக்குக் கன்னத்தில் மட்டும் ஆரம்பியுங்கள், உணர்ச்சி இருக்கிற இடது பக்கம் முதலில். கழுத்தும் தொண்டைக் குமிழும் கடைசி, அதைக் கடைக்காரர் வரும் நாளுக்கு விட்டுவைத்தாலும் தப்பில்லை. எதிர் ஷேவ் கேட்டால் கொடுக்காதீர்கள். அவர் கண்டிப்பாகக் கேட்பார்.